நர்சரியில் பூத்துக் குலுங்கிய ரோஜா, வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி ஆகிறது?

புதுத்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வளர்க்கும் முதல் ரோஜா இது. நான்கு மாதத்துக்கு முன் வாங்கினேன். வாங்கும்போது உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பில் இரண்டு பூ, கூடவே ஐந்து மொட்டு. வீட்டுக்கு வந்ததும் எட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். ஒரு மொட்டு மட்டும் விரிந்தது. மற்ற நான்கும் மஞ்சளாகிக் காம்போடு உதிர்ந்துவிட்டன. அதற்கப்புறம் ஒரு பூகூட இல்லை.

அடி இலைகள் பழுத்துக் கொட்டுகின்றன. பழைய கிளைகளில் இரண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்குகின்றன. தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், பயன்படுத்திய டீத்தூள் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

ஒரே ஆறுதல், அடியிலிருந்து புதுக் கிளை ஒன்று கிளம்பி மூன்றடி உயரம் வளர்ந்திருக்கிறது. பச்சைப்பசேல் என்று இருக்கிறது. மொட்டுதான் வரவில்லை. இதற்கு என்ன உரம் கொடுத்தால் பூக்கும்? இந்தச் செடியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செடிப்பித்து எழுதியது:

வாங்க! பயப்படாதீர்கள். எப்சம் உப்பு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துத் தொட்டியில் தூவுங்கள். புதுக் கிளையின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து மொட்டு வரும். என் செடிகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன், நன்றாகவே பூக்கின்றன.

மாடித்தோட்டம் எழுதியது:

உரம் எதையும் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் படுகிறது? தண்ணீர் ஊற்றினால் அடித்துளை வழியாக எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டால் ஈரமா, காய்வா?

கொல்லைப்புறம் எழுதியது:

அம்மா, எனக்கு அந்த மூன்றடிக் கிளை மேல்தான் சந்தேகம். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் விரலாலேயே மெல்ல மண்ணைத் தள்ளுங்கள். கம்பி, குச்சி எதுவும் வேண்டாம், வேர் அறுந்துவிடும். தண்டில் ஒரு இடத்தில் முட்டி மாதிரிப் புடைப்பு இருக்கும். கடையில் கிடைக்கும் பெரிய பூ ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுக்கட்டியவை. கீழே வேர் ஒரு செடியுடையது, மேலே பூ வேறு செடியுடையது. இரண்டும் சேர்ந்த இடம்தான் அந்தப் புடைப்பு.

கிளை புடைப்புக்கு மேலிருந்து வந்தால் அது உங்கள் கருஞ்சிவப்பு ரோஜா. கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடி தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு வளர்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை நுனியைக் கிள்ள வேண்டாம், உரமும் வேண்டாம்.

புதுத்தொட்டி எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. மண்ணுக்கு அடியில் இரண்டு விரற்கடை ஆழத்தில் புடைப்பு இருக்கிறது. நீங்கள் சொன்னபடி முட்டி மாதிரிதான். புதுக் கிளை அதற்கும் கீழே, வேரை ஒட்டி, வளைந்து மேலே வருகிறது. பழைய கிளைகளின் இலை கரும்பச்சையாகத் தடிப்பாக இருக்கிறது, இதன் இலை வெளிர்பச்சையாக மெலிதாக இருக்கிறது. முள்ளும் வேறு மாதிரி. நான்கு மாதமாகத் தினமும் பார்த்தும் இந்த வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

மாடித்தோட்டம் கேட்டதற்குப் பதில்: செடி வராந்தாவில் இருக்கிறது, வெயில் இரண்டு மணி நேரம் படும். மேல்மண் காய்ந்து வெடித்திருக்கிறது. ஆனால் விரலை உள்ளே விட்டால் சேறு மாதிரி ஈரம். தண்ணீர் மேலேயே கொஞ்ச நேரம் தேங்கி நின்று, பிறகுதான் இறங்குகிறது.

செடிப்பித்து எழுதியது:

ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல ரோஜா. அதை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை.

கொல்லைப்புறம் எழுதியது:

அந்தக் கணக்கை நம்பி நல்ல கிளைகளை வெட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒட்டுக்கட்டிய நல்ல ரோஜாக்களிலேயே ஏழு சிற்றிலை வருவதுண்டு. ஒரே கிளையில் ஒரு காம்பில் ஐந்தும் இன்னொன்றில் ஏழும் இருக்கும். கொடி ரோஜாக்களிலும் பழைய வகைகளிலும் ஏழு சாதாரணம். சில வேர்ச்செடிகளுக்கோ ஐந்துதான் இருக்கும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பது ஒன்றுதான் பொய் சொல்லாத அடையாளம்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். ஆசைப்பட்டு ஒரு மஞ்சள் ரோஜா வைத்தேன். இரண்டாம் ஆண்டு அடியிலிருந்து வீச்சு வீச்சாகக் கிளைகள் வந்தன. செடி செழிக்கிறது என்று சந்தோஷப்பட்டு அதற்கே உரம் வைத்தேன். மூன்றாம் ஆண்டு கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூத்தது. மஞ்சள் பூத்த பழைய கிளைகள் பட்டுப்போய்க் குச்சியாக நின்றன. அது ரோசா மல்டிஃபுளோரா என்ற வேர்ச்செடி. காட்டுச்செடிக்கு வேகம் அதிகம், வேரும் அதனுடையதே. அதனால் மேலே இருக்கும் ஒட்டுக்குப் போகவேண்டிய சத்தைக் கீழேயே எடுத்துக்கொள்ளும். உங்கள் பழைய கிளைகள் கறுப்பதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் தேங்குவது இன்னொரு காரணம்.

அந்தக் கிளையை மண் மட்டத்தில் கத்தரியால் வெட்டினால் அடியில் மிஞ்சும் கண்களிலிருந்து, அதாவது தளிர் முளைக்கும் புள்ளிகளிலிருந்து, இரண்டு மூன்றாகத் திரும்ப வரும். மண்ணை விலக்கி, அது வேரோடு சேரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு கையால் தாய்த்தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிளையைக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்க்க வேண்டும். அடிக்கண்களும் சேர்ந்து வந்துவிடும். கிளை நன்றாக முற்றியிருந்து, பிய்த்தால் தாய்த்தண்டின் பட்டையும் கிழியும் போலிருந்தால், கூர்மையான கத்தியால் தண்டை ஒட்டி வழித்து எடுங்கள்.

பன்னீர்ப்பூ எழுதியது:

பிய்த்த கிளையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், பிறகு சொல்கிறேன்.

மாடித்தோட்டம் எழுதியது:

நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மேலே வெடிப்பு, உள்ளே சேறு என்கிறீர்கள். பல நாற்றுப்பண்ணைகளில் ஒட்டுச்செடியின் வேரைக் கெட்டியான களிமண் உருண்டையில் பொதிந்து தருகிறார்கள். தூரப் பயணத்துக்கு அது வசதி. ஆனால் அப்படியே தொட்டியில் வைத்தால் உருண்டைக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் ஒட்டு உறவே இருக்காது. தண்ணீர் சுற்றிலும் ஓடிப் போகும், உருண்டை ஒன்று கல்லாகக் காயும், இல்லையென்றால் சேறாக ஊறும். வேர் அதைத் தாண்டி வெளியே வராமல் உள்ளேயே அழுகும்.

என் முறை இது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வாளித் தண்ணீரில் உருண்டை மூழ்கும்படி இருபது நிமிடம் வைப்பேன். களிமண் இளகிவிடும். பிறகு தண்ணீருக்குள்ளேயே விரலால் அளைந்து கழுவுவேன். இழுக்கக் கூடாது. வேர் தெரிந்ததும், கறுத்துக் குழைந்து நாறுகிற வேரை வெட்டிவிட்டு, வெள்ளையாக அல்லது இளம்பழுப்பாக இருப்பதை விட்டுவைப்பேன்.

பன்னீர்ப்பூ எழுதியது:

இதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அக்கா. கடும் வெயில் காலத்தில் இப்படிக் கழுவி ஒரு நல்ல செடியை இழந்திருக்கிறேன். களிமண் முழுதும் போய்விட்டது, கூடவே மயிரிழை மாதிரி இருக்கும் உறிஞ்சுவேர்களும் போய்விட்டன. மேலே இருந்த இலைகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேரில்லை. நான்காம் நாள் செடி தலை சாய்ந்தது. அப்புறம் எழவே இல்லை.

மாடித்தோட்டம் எழுதியது:

நீங்கள் சொல்வது சரிதான், காலம் பார்க்க வேண்டும் என்பதை நான் எழுதாமல் விட்டது தப்பு. மேகமூட்டமான அல்லது குளிர்ந்த நாட்களில் மட்டும் முழுதாகக் கழுவலாம். வெயில் காலமென்றால் உருண்டையின் வெளிப்பக்கத்தை மட்டும் இளக்கி, மூன்று நான்கு இடங்களில் விரல் நுழையும் அளவு பிளந்துவிட்டு, மீதியை அப்படியே வைப்பேன்.

எப்படிச் செய்தாலும் மேலே உள்ள பாரத்தைக் குறைக்க வேண்டும். பூ, மொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டு போங்கள்.

எட்டு அங்குலத் தொட்டி போதாது. பன்னிரண்டு அங்குலமாவது வேண்டும், ஆழமும் அதே அளவு இருந்தால் நல்லது. மண் கலவைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: தோட்ட மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாண உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணலோ கோகோபீட்டோ (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலவையை ஈரப்படுத்திக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் கொழுக்கட்டை மாதிரி நின்றால் மணல் போதவில்லை.

புதுத்தொட்டி எழுதியது:

தொட்டி அடியில் ஜல்லிக்கல் ஒரு அடுக்கு போட்டிருக்கிறேன். அது இருந்தும் தண்ணீர் எப்படித் தேங்கும்?

வேர்முடிச்சு எழுதியது:

அந்த ஜல்லி அடுக்கு உதவாது. பொடியான மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுதும் ஊறித் ததும்பினால்தான் சொட்டும். ஜல்லி போட்டால் அந்த ஊறிய பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும், வேர் பரவும் இடமும் குறையும். துளை மீது ஒரு ஓட்டுச் சில்லோ வலைத்துண்டோ வைத்தால் போதும், அது மண் ஒழுகாமல் இருக்கத்தான். மீதி முழுதும் மண்ணாக இருக்கட்டும்.

எப்சம் உப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ரோஜா என்றாலே எல்லோரும் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அது மக்னீசியம் சல்ஃபேட். மண்ணில் மக்னீசியம் குறைந்தால்தான் அதற்கு வேலை. குறைந்தால் எப்படித் தெரியும்? முற்றிய இலையில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். இதே மாதிரி மஞ்சள் நுனியில் உள்ள இளந்தளிரில் வந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், கார அமில நிலை 7-க்கு மேலே போனால் செடியால் அதை எடுக்க முடியாது. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வரை தோது. புதுத்தொட்டியின் செடியில் அடி இலைகள் முழுதாகப் பழுத்து விழுகின்றன, அது வேர் மூச்சு முட்டுவதன் அடையாளம். அங்கே உப்பை ஊற்றினால் பயன் இல்லை. அளவு மீறினால் மக்னீசியம், செடி எடுக்கும் சுண்ணாம்புச் சத்தோடும் சாம்பல் சத்தோடும் போட்டி போடும்.

செடிப்பித்து எழுதியது:

ஆனால் எனக்குப் பலன் கிடைத்திருக்கிறதே? ஊற்றிய பத்து நாளில் இலை கரும்பச்சையானதைக் கண்ணால் பார்த்தேன்.

வேர்முடிச்சு எழுதியது:

பார்த்திருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. மணல் அதிகமுள்ள கலவையில் தினமும் நிறையத் தண்ணீர் ஊற்றினால் மக்னீசியம் கரைந்து வெளியேறிவிடும். கோகோபீட் கலவையிலும் அந்தக் குறை வரும். உங்கள் தொட்டியில் குறை இருந்திருக்கிறது, மருந்து சரியாகப் பட்டிருக்கிறது. குறை இல்லாத செடிக்கும் அதே மருந்து வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

முட்டை ஓடும் அப்படித்தான். சுண்ணாம்பு இருப்பது உண்மை. ஆனால் உடைத்த துண்டுகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்து மக்க வைத்தால் கொஞ்சம் பயன் உண்டு. டீத்தூளையும் பழத்தோலையும் நேராகத் தொட்டியில் கொட்டாமல் உரக்குழியில் மக்கவிட்டுப் போடுங்கள். சர்க்கரை கலந்த டீத்தூளுக்கு எறும்பு வரும். எறும்பு வந்தால் அசுவினியும் மாவுப்பூச்சியும் பெருகும். அவை கக்கும் தேன்துளிக்காக எறும்பே அவற்றுக்குக் காவல் இருக்கும்.

செடிப்பித்து எழுதியது:

என் தொட்டிகளில் மணல் அதிகம்தான். சரி, இனி இலையைப் பார்த்துவிட்டே ஊற்றுகிறேன். எறும்பு விஷயமும் இப்போதுதான் புரிகிறது, என் ஒரு தொட்டியில் மொட்டுக் காம்பு முழுக்க அசுவினி மொய்க்கிறது.

மாடித்தோட்டம் எழுதியது:

அசுவினிக்கு மருந்தைத் தேடாதீர்கள். இரண்டு விரலால் மொட்டுக் காம்பைப் பிடித்து உருவிவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தால் போதும். கறுப்பில் ஆரஞ்சுக் கோடு போட்ட, முதலை மாதிரி ஒரு சின்னப் புழு அங்கே ஊர்ந்தால் கொன்றுவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினிதான் அதற்குச் சாப்பாடு.

பன்னீர்ப்பூ எழுதியது:

இப்போது அந்தக் காட்டுக் கிளைக்கு வருகிறேன். பென்சில் கனத்தில் இருக்கும் பகுதியை ஆறு முதல் எட்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து கணு இருக்கட்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, மேல்வெட்டு கணுவுக்குச் சற்று மேலே. அடிப்பக்க இலைகளை நீக்கி, மேலே ஒரே ஒரு இலையை விட்டு, பாதித் துண்டு மண்ணுக்குள் போகும்படி மணல் கலந்த மண்ணில் நடுங்கள். நிழலில் வையுங்கள். நட்ட துண்டை வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள், முளைத்த வேர் அறுந்துவிடும். ஐந்து வாரம் பொறுத்தால் தொட்டியின் அடித்துளையில் தெரியும்.

வேர்ச்செடிகளைத் தேர்ந்தெடுப்பதே குச்சியிலிருந்து எளிதில் வேர் பிடிக்கும் என்பதால்தான். நன்றாக வளர்ந்த பின் இதன் மேலேயே உங்கள் கருஞ்சிவப்பின் கண்ணை ஒட்டுக்கட்டலாம். பெரிய பூ ரோஜாக்களும் குச்சியில் வேர் விடும், ஆனால் பல வகைகளுக்கு அந்த வேர் வலுவாக இருக்காது. பன்னீர் ரோஜா அப்படி இல்லை. சொந்த வேரிலேயே திடமாக நிற்கும், வாசனையும் வீட்டையே நிறைக்கும். அதை வளர்க்கத் தொடங்கியவர்கள் விடமாட்டார்கள், நான் அதற்குச் சாட்சி.

புதுத்தொட்டி எழுதியது:

(மூன்று நாள் கழித்து)

செய்து முடித்துவிட்டேன். காட்டுக் கிளையைக் கீழ்நோக்கி இழுத்தபோது 'சடக்' என்று அடிக்கண்ணோடு வந்துவிட்டது. வாளியில் ஊறவைத்ததும் தண்ணீர் சிவப்புச் சேறாகிவிட்டது. இரண்டு நாளாக மேகமூட்டம்தான், அதனால் முழுதாகக் கழுவினேன். உள்ளே வேரில் பாதி கறுத்து நாறியது. மீதி வெள்ளையாக இருக்கிறது. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றியாயிற்று. காட்டுக் கிளையிலிருந்து நான்கு துண்டு நட்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கறுத்த கிளைகளை எங்கே வெட்டுவது என்று சொல்லுங்கள். கத்தரியைக் கையில் எடுத்தால் கை நடுங்குகிறது. மொத்தமே மூன்று கிளைதான் இருக்கிறது.

கொல்லைப்புறம் எழுதியது:

கை நடுங்குவது புரிகிறது, ஆனால் இதைச் செய்யாவிட்டால் கறுப்பு ஒட்டுவரை இறங்கிவிடும். நிதானமாகச் செய்யலாம்.

கத்தரியின் வாயை முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கறுப்பு முடியும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள சோறு, அதாவது மெத்தென்ற பகுதி, வெள்ளையாக அல்லது வெளிர்பச்சையாக ஈரமாக இருந்தால் அங்கே நிறுத்தலாம். பழுப்பாக இருந்தால் இன்னும் ஒரு கணு கீழே இறங்கி மறுபடி வெட்டுங்கள். வெள்ளை வரும்வரை இறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியைத் துடைக்க மறக்காதீர்கள்.

எந்தக் கண்ணுக்கு மேலே வெட்டுவது என்பது அடுத்தது. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் அரிசி முனை அளவுக்குச் சிவந்த புள்ளி ஒன்று தெரியும், அதுதான் கண். செடியின் வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வழியும்படி லேசாகச் சாய்த்து வெட்டுங்கள். ரொம்ப மேலே வெட்டினால் மிஞ்சும் கட்டை காய்ந்து மறுபடி கறுப்பு இறங்கும். ரொம்ப ஒட்டி வெட்டினால் கண்ணே காய்ந்துவிடும். கண் பார்க்கும் திசையில்தான் கிளை போகும். உள்பக்கம் பார்க்கும் கண்களை விட்டால் நடுவில் அடைசலாகிக் காற்று ஓடாது, பூஞ்சைக்கு அதுவே வீடு.

இப்போதுள்ள பெரிய பூ ரோஜாக்கள் புதுத்தளிரின் நுனியில் பூப்பவை. வெட்டினால்தான் தளிர், தளிர் வந்தால்தான் பூ. வெட்டிய நாளிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம். ஆண்டுக்கு ஒரே முறை பூக்கும் பழைய வகைகள் வேறு கணக்கு. அவை போன ஆண்டுக் கிளையில் பூக்கும், பூத்து முடிந்த பிறகே வெட்ட வேண்டும்.

பூ வாடியதும் இதழை மட்டும் கிள்ளிவிட்டு நிறுத்தாதீர்கள். அடியில் உள்ள பச்சை முண்டுதான் காயாகி விதை பிடிக்கும். அது தொடங்கிவிட்டால் செடி அடுத்த பூவைப் பற்றிக் கவலைப்படாது. வாடிய பூவுக்குக் கீழே வந்து, ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைக்கு மேலே வெட்டுங்கள். செடி சின்னதாக, பலம் குறைவாக இருந்தால் இலையை மிச்சம் வையுங்கள், பூவை மட்டும் அதன் கழுத்தில் எடுத்தால் போதும்.

பன்னீர்ப்பூ எழுதியது:

ஐயா சொன்ன அந்தப் பழைய வகை, புதிய வகைக் கணக்குக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஐரோப்பாவில் இருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் அங்கே போய்க் கலந்த பிறகுதான் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் வந்தது. 1867-இல் பிரான்ஸில் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற இளஞ்சிவப்பு ரோஜாவைத்தான் முதல் ஹைபிரிட் டீ, அதாவது இன்றைய பெரிய பூ ரோஜா வகையின் முதல் செடி, என்று சொல்வார்கள். அழுத்தமான மஞ்சள் நிறம் 1900-இல் பெர்னே-டூஷே வெளியிட்ட 'சொலேய் தோர்' வழியாக வந்தது. அதற்குத் தாய்வழியோ தந்தைவழியோ, பாரசீக மஞ்சள் ரோஜாவின் ரத்தம் உண்டு. கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் குணமும் அதோடு சேர்ந்தே வந்தது என்பார்கள். என் மஞ்சள் செடிகளில் முதலில் இலை கொட்டும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

வேர்முடிச்சு எழுதியது:

கரும்புள்ளி என்றதும் ஒன்று. அந்தப் பூஞ்சை வித்து முளைக்க இலை ஏழு மணி நேரமாவது நனைந்தே இருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாலே பாதி நோய் குறையும். தண்ணீர் அடியில் ஊற்றுங்கள், காலையில் ஊற்றுங்கள். விழுந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், அவற்றிலிருந்துதான் மறுபடி தெறிக்கும். சாம்பல் நோய் இதற்கு நேர் எதிர். அதற்கு நனைந்த இலை தேவையே இல்லை. இரவில் காற்றில் ஈரம், பகலில் உலர்ந்த வெப்பம், கூடவே அடைசலான கிளைகள் இருந்தால் இளந்தளிரில் மாவு பூத்துவிடும்.

பூஞ்சைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள்) தெளிப்பவர்கள் 32 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள நாளில் தெளிக்காதீர்கள், இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் அதற்கும் கந்தகத்துக்கும் இடையே இரண்டு வாரம் விடுங்கள்.

மாடித்தோட்டம் எழுதியது:

வெயில் காலத்தில் நான் அதிகம் பயப்படுவது செஞ்சிலந்திக்குத்தான். இலை மங்கி, ஊசியால் குத்திய மாதிரி வெளிர்ப் புள்ளிகள் வரும். சத்துக் குறை என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். காலையில் செய்தால் இலை மதியத்துக்குள் காய்ந்துவிடும். எல்லாவற்றையும் கொல்லும் பூச்சிமருந்தை அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், அப்புறம் சிலந்தியைப் பிடிக்கவே முடியாது.

புதுத்தொட்டி எழுதியது:

(ஏழு வாரம் கழித்து)

உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். மூன்று கிளையில் ஒன்று ஒட்டுவரை பழுப்பு இறங்கியிருந்தது, அதை எடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் பிழைத்தன. தொட்டியை ஆறு மணி நேரம் வெயில் படும் இடத்துக்கு மாற்றினேன். தினமும் ஊற்றுவதில்லை. விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளையில் வரும்வரை ஊற்றுகிறேன். பதினெட்டாம் நாள் ஒரு கண்ணில் சிவப்பாக நகநுனி அளவுக்குத் தளிர் வந்தது. இன்று மொத்தம் நான்கு தளிர். அதில் ஒன்றின் நுனியில் பட்டாணி அளவில் ஒரு மொட்டு!

இரண்டு கேள்வி. இந்த முதல் மொட்டைக் கிள்ளிவிட வேண்டுமா? இரண்டு இலைகளின் ஓரத்தில் யாரோ காசு வைத்து வெட்டிய மாதிரி அரைவட்டம் விழுந்திருக்கிறது, அது என்ன பூச்சி?

வேர்முடிச்சு எழுதியது:

அரைவட்டம் இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையை அது தின்பதில்லை. துண்டை எடுத்துப் போய்க் கூட்டில் முட்டைக்கு அறை கட்டும். செடிக்குக் கெடுதல் இல்லை, மகரந்தம் சேர்க்கும் உயிர். மருந்து அடிக்க வேண்டாம்.

மாடித்தோட்டம் எழுதியது:

மொட்டைக் கிள்ளிவிடுங்கள். செடி இப்போதுதான் எழுந்திருக்கிறது. இந்த ஒரு பூவுக்குப் போகும் பலம் வேருக்கும் இலைக்கும் போனால் அடுத்த சுற்றில் நான்கு பூ வரும்.

கொல்லைப்புறம் எழுதியது:

தோட்டக் கணக்குப்படி மாடித்தோட்டம் சொல்வதுதான் சரி. ஆனாலும் நான் இந்த ஒன்றை விட்டுவிடச் சொல்வேன். அது ஒட்டிலிருந்து வந்த கருஞ்சிவப்புதானா என்று கண்ணால் பார்த்துவிடலாம். விரிந்த இரண்டாம் நாளே பூவைக் கழுத்தோடு எடுத்துவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள். அடுத்த மூன்று தளிரில் வரும் மொட்டுகளைக் கிள்ளிக்கொள்ளலாம்.

உரம் இப்போது தொடங்கலாம். இரண்டு கைப்பிடி மண்புழு உரம், தண்டைத் தொடாமல் தொட்டியின் விளிம்பை ஒட்டி. மாதம் ஒருமுறை போதும். காய்ந்த மண்ணில் உரம் வைக்காதீர்கள், முதல் நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் வையுங்கள்.

புதுத்தொட்டி எழுதியது:

(பன்னிரண்டு நாள் கழித்து)

கருஞ்சிவப்புதான்! பச்சைப் புல்லி இதழ்கள் பிரிந்து ஒரு கோடு மாதிரி நிறம் தெரிந்த அன்றே தெரிந்துவிட்டது. நேற்று முழுதும் விரிந்தது. நர்சரியில் இருந்த அளவு இல்லை, அதில் பாதிதான் இருக்கும். இன்று எடுத்துத் தண்ணீரில் வைத்துவிட்டேன், ஐயா சொன்னபடி இலையைத் தொடவில்லை.

பன்னீர்ப்பூ, நீங்கள் நடச் சொன்ன நான்கு குச்சியில் மூன்று தளிர்த்துவிட்டன. ஒரு தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. இழுத்துப் பார்க்கவே இல்லை. ஒட்டுக்கட்ட எப்போது தொடங்கலாம்? அதற்கென்று தனிக் கத்தி வேண்டுமா?

பன்னீர்ப்பூ எழுதியது:

மூன்றா! ரொம்ப சந்தோஷம். தனிக் கத்தி கட்டாயமில்லை, புது பிளேடு போதும். ஆனால் அவசரம் வேண்டாம். முதலில் மூன்றையும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அடித்தண்டு பென்சில் கனம் ஏறி, வேர் திடப்படும்வரை விடுங்கள். அப்புறம் ஒரு நாள் தண்டில் ஆங்கில டீ எழுத்து வடிவில் லேசாகக் கீறி, பிளேடு முனையால் பட்டையை நெம்பிப் பாருங்கள். ஈரமாக வழுக்கிக்கொண்டு பட்டை கழன்றால் சாறு ஓடுகிறது, ஒட்டுக்கட்டலாம். ஒட்டிக்கொண்டு நார் நாராகப் பிய்ந்தால் இன்னும் இரண்டு வாரம் நன்றாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கண் எடுக்க வேண்டிய கிளை, பூ வாடி முடித்த கிளைதான். இன்று நீங்கள் பூவை எடுத்தீர்களே, அதற்குக் கீழே நடுவில் உள்ள இரண்டு மூன்று கண்களைக் குறித்து வையுங்கள்.